சிறை ஜன்னலும் ஹான்ஸ் டவ்சனும்

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தரங்கம்பாடிக்கு லுத்தரன் மிஷனரிகளை, அதாவது பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் வழியைச் சேர்ந்தவர்களை, அனுப்பியது டென்மார்க். அந்த டென்மார்க்கே லுத்தரன் நாடாக மாறியது சிறை ஜன்னல் வழியாகப் பிரசங்கம் செய்த ஒரு துறவியால்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். பெயர் ஹான்ஸ் டவ்சன். ‘டென்மார்க்கின் லூத்தர்’ என்று பட்டம். சீர்திருத்த நாளான அக்டோபர் 31 அன்று வாலிபர் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறீர்கள், கதை உண்மைதானா என்று தெரிய வேண்டும். கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பது தெரிந்தது. ஒரு மனிதரின் பிரசங்கம் ஒரு நாட்டின் சமயத்தை மாற்றியதா, அல்லது அரசர் மாற்றிய பிறகு அந்த மாற்றத்துக்கு ஒரு பக்திமானின் முகத்தைப் பொருத்திவிட்டார்களா? இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் தகுதியையும் அதன் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறையியல் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் திருச்சபை வரலாறு நடத்தியவன். ஜெர்மன் தடையின்றிப் படிப்பேன். பதினாறாம் நூற்றாண்டு டேனிஷை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். ஆகவே மூல ஆவணங்களில் பெரும்பகுதிக்குப் பிறர் பதிப்பித்ததையும் விளக்கியதையும் நம்பியிருக்கிறேன். ஜன்னல் கதையை நானும் சிறுவனாகப் பிரசங்க மேடையிலிருந்து கேட்டவன்தான். அதைக் கேட்டு மெய்சிலிர்த்தும் இருக்கிறேன்.

உறுதியானவற்றிலிருந்து தொடங்குவோம். டவ்சன் 1494-இல் ஃபூன் தீவில் பிர்கண்டே என்ற சிற்றூரில் பிறந்தவர், குடியானவர் வீட்டுப் பிள்ளை. இளம் வயதிலேயே சீலாந்துத் தீவில் ஸ்லாகல்சே ஊருக்கு அருகில் இருந்த அண்ட்வோர்ஸ்கோவ் மடத்தில் சேர்ந்தார். இங்கே ‘துறவி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. லூத்தர் அகஸ்டீன் சபைத் துறவி, ஊர்களில் பிச்சையெடுத்து வாழும் மரபைச் சேர்ந்தவர். டவ்சன் சேர்ந்தது புனித யோவான் சபை. சிலுவைப் போர்க் காலத்தில் எருசலேமில் நோயுற்ற யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்தத் தொடங்கி, பிறகு போர்வீரர்களையும் உறுப்பினராகக் கொண்ட சபை அது. நிலம், வருவாய், செல்வாக்கு எல்லாம் நிறைந்தது. வடநாடுகளில் அந்தச் சபைக்கு அண்ட்வோர்ஸ்கோவ்தான் தலைமையிடம். டவ்சனை ஏழை ஆண்டி என்று கற்பனை செய்தால் படம் தவறிவிடும். குடியானவர் வீட்டிலிருந்து வந்த கூர்த்த பையனை வசதியுள்ள ஒரு நிறுவனம் தன் செலவில் படிக்கவைத்தது. பின்னால் அந்தப் படிப்பே நிறுவனத்துக்கு எதிராகத் திரும்பியது. வரலாற்றில் இது பலமுறை நடந்த கதை.

படிப்பு என்றால் சாதாரணப் படிப்பு இல்லை. 1516-இல் வட ஜெர்மனியின் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1519-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு கோபன்ஹேகன், அதன் பிறகு 1522-இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவேன். லூவேன் இறையியலாளர்கள் 1519-லேயே லூத்தரின் எழுத்துகளைக் கண்டித்துத் தீர்ப்பு எழுதியவர்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அதே மாணவர், லூத்தர் கற்பித்த விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் பெயர் எழுதுகிறார். கண்டித்த இடத்திலிருந்து கண்டிக்கப்பட்டவரின் வீட்டுக்கே போய் நின்றதுபோல. இதற்கு மடத்தின் அனுமதி எவ்வளவு தூரம் இருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் விட்டன்பர்க்கில் இருந்ததில் ஐயமில்லை, எபிரெயம் கற்றதிலும் ஐயமில்லை. அவர் அங்கே இருந்த 1523-இல்தான் மோசேயின் ஐந்து ஆகமங்களை, அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களை, லூத்தர் ஜெர்மனில் அச்சிட்டார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு மடம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1525-இல் அவர் யூட்லாந்துத் தீபகற்பத்தின் வீபோர்க் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் நீங்கள் கேள்விப்பட்ட கதைகள் அத்தனையும் முளைத்திருக்கின்றன. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று அண்ட்வோர்ஸ்கோவ் மடத்துக் கோவிலில் அவர் மேடையேறி, கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று முழங்கினார். மடத்தலைவர் கொதித்துப்போய் அவரைச் சிறையில் தள்ளினார். பிறகு வீபோர்க்கில் வேறொரு மடத்தின் அறையில் அடைத்தார்கள். அந்த அறையின் ஜன்னலருகே நின்று அவர் பேச, தெருவில் மக்கள் கூடிக் கேட்டார்கள். கடைசியில் சிறைக் காவலராக இருந்த மடத்தலைவரே மனம் மாறி மேடையைத் திறந்துவிட்டார். கதை இப்படிப் போகிறது.

இதில் எவ்வளவு நிற்கும்? வீபோர்க்குக்கு அவர் விரும்பிப் போகவில்லை, அனுப்பப்பட்டார் என்பது நிற்கும். அவருடைய போதனை மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்பது நிற்கும். மடத்துக் கோவிலில் பேசி ஊரை ஈர்த்தார், பிறகு சபையிலிருந்தே நீக்கப்பட்டார் என்பதும் நிற்கும். பெரிய வியாழன் பிரசங்கத்தையும் ஜன்னலையும் நான் அந்த வரிசையில் வைக்க மாட்டேன். காரணம் இதுதான். சில கதைகளில் ஜன்னல் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்தில் இருக்கிறது. ஆனால் டவ்சனின் சொந்தச் சபைக்கே வீபோர்க்கில் ஒரு மடம் இருந்தது. தன் சபை உறுப்பினரைத் தண்டிக்க நினைக்கும் தலைவர், தன் சபையின் இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். அவர் தங்கியதும் அங்கேதான் என்று இன்றைய ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஜன்னல் எந்தக் கட்டடத்தில் இருந்தது என்பதிலேயே கதை தடுமாறுகிறது என்றால் கொஞ்சம் விலகி நின்றுதான் பார்க்க வேண்டும். பவுலும் சீலாவும் சிறையில் பாடியதை அறிந்த ஒரு சமூகம் தன் வீரருக்கும் ஒரு சிறையைக் கட்டித் தருவது இயல்புதானே.

கதையை ஒதுக்கிவிட்டால் என்ன மிஞ்சும் என்று நீங்கள் கவலைப்படலாம். என் கணக்கில் அதைவிடச் சுவையானது மிஞ்சுகிறது, அது வீபோர்க் என்ற ஊர். அது யூட்லாந்தின் முக்கிய நகரம். பேராலயம், பிஷப், பல துறவு மடங்கள், பங்குக் கோவில்கள், வணிகர்கள், கைவினைஞர்கள் என்று நிறைந்திருந்தது. அரசர்களை ஏற்று முழக்கமிடும் மன்றம் கூடுவதும் அங்கேதான். இளைய குருமார் சிலர் டவ்சன் வருமுன்பே லூத்தரின் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சபையிலிருந்து வெளியே தள்ளப்பட்டதும் ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். மடம் கைவிட்டவருக்கு ஊரே கூரையாயிற்று. பிரான்சிஸ்கன் துறவிகளின் கோவிலில் முற்பகல் துறவிகள் பிரசங்கிப்பது, பிற்பகல் டவ்சன் பிரசங்கிப்பது என்று ஒரு கட்டத்தில் உடன்பாடு ஏற்பட்டது. நினைத்துப் பாருங்கள், ஒரே கட்டடம், ஒரே நாள், காலையில் ஒரு போதனை, மாலையில் அதற்கு மறுப்பு. கேட்க வந்தவர்களுக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு ஐரோப்பாவில் அன்று பல இடங்களில் கிடைக்காத ஒன்று. பிஷப் யோர்கன் ஃபிரீஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களை அனுப்பி அவரைப் பிடிக்கப் பார்த்தபோது, கோவிலுக்கே ஆயுதத்தோடு வந்திருந்த மக்கள் அவர்களை விரட்டினார்கள்.

இந்த இடத்தில் அரசர் உள்ளே வருகிறார். 1526 அக்டோபரில் முதலாம் பிரெடெரிக் ஒரு பாதுகாப்புக் கடிதம் கொடுத்தார். டவ்சன் இனி அரசரின் குரு. வீபோர்க் மக்களுக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்க வேண்டும். அவருடைய பாதுகாப்புக்கு ஊரார் பொறுப்பு. 1523-இல் பட்டமேற்றபோது இதே அரசர், லூத்தரின் சீடர்கள் எவரையும் நாட்டில் போதிக்க விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றே ஆண்டில் எழுத்து காற்றில் போய்விட்டது. பக்தி மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பதவி இழந்து வெளிநாட்டில் இருந்த அவருடைய அண்ணன் மகன் இரண்டாம் கிறிஸ்டியன், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை கணவர். எந்த நேரமும் படையோடு திரும்பலாம் என்ற அச்சம் இருந்தது. நகரங்களின் ஆதரவு பிரெடெரிக்குக்குத் தேவைப்பட்டது. பிஷப்புகள் பதவி உறுதிப்பாட்டுக்காக ரோமுக்குக் கட்டிவந்த பணம் இனி அரசருக்கு வர வேண்டும் என்று அதே ஆண்டின் இறுதியில் ஓடன்சேயில் கூடிய பிரபுக்கள் சபையில் முடிவானது. மறு ஆண்டு பிஷப்புகள் முறையிட்டபோது, உயிருக்கும் உடைமைக்கும் நான் அரசன், ஆத்துமாக்களுக்கு அல்ல என்ற கருத்தில் பிரெடெரிக் பதில் சொன்னார். படித்தால் மத நல்லிணக்கத்தின் முன்னோடி போலத் தோன்றும். இருக்கலாம். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடாமல் காலம் தள்ளத் தெரிந்த முதிய அரசியல்வாதியின் பேச்சாகவும் இருக்கலாம். என் மாணவர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள், நான் நடுவில் உட்கார்ந்து தேநீர் குடிப்பேன்.

டவ்சன் வீபோர்க்கில் செய்த வேலையில் என்னை அதிகம் கவர்வது வழிபாட்டு மொழி. பிரசங்கம் தாய்மொழியில் இருப்பது புதிதல்ல. கத்தோலிக்கத் துறவிகளும் மக்கள் மொழியில்தான் பிரசங்கித்தார்கள். புதிது எது என்றால் பிரசங்கத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவை. மாலை ஆராதனை டேனிஷில் நடந்தது, பாட்டு டேனிஷில் ஒலித்தது, ஜனங்களே பாடினார்கள். 1528-இல் ஹான்ஸ் வீன்கோர் என்ற அச்சுக்காரர் வீபோர்க்கில் அச்சகம் வைத்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முறை அதே ஆண்டில் டேனிஷில் வெளிவந்தது, லூத்தரின் சிறுநூலைத் தழுவியது. டவ்சனின் துண்டுநூல்களில் பல இப்படித் தழுவல்களே. சொந்தமாகப் புதிய இறையியல் எழுதியவர் என்று அவரைப் புகழ முடியாது. ஆனால் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் ஒரு தோல்பதனிடுபவர், குரு தன் பிள்ளைக்காக என்ன ஜெபிக்கிறார் என்பதை முதல்முறையாகச் சொல் சொல்லாகப் புரிந்துகொள்கிறார் என்றால், அவருக்கு இறையியலின் புதுமை பெரிதா, அந்த நிமிடம் பெரிதா?

அங்கே அவருக்குத் துணையாக இருந்தவர் யோர்கன் சடோலின் என்ற இளம் அறிஞர். அவருடைய சகோதரி டொரோத்தேயாவை டவ்சன் மணந்தார். விரதம் எடுத்த துறவி மணம் செய்தது அன்று எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதை இன்றைய லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவர்களால் உணர முடியாது. குருவானவர் வீட்டில் குருவம்மா இருப்பது நமக்கு இயல்பு. டென்மார்க்கில் முதலில் மணந்த குரு அவர்தான் என்று எழுதுவார்கள். முதல்வர்களில் ஒருவர் என்று சொன்னால் பாதுகாப்பு. அதோடு, ஒரு பிஷப்பின் கையால் அல்லாமல் டவ்சனே சடோலினைக் குருவாக அபிஷேகம் செய்தார். எதிரிகளுக்குத் திருமணத்தைவிட இது பெரிய குற்றம். குருத்துவம் யார் கையிலிருந்து யாருக்குப் போகிறது என்ற கயிற்றை அவர் அறுத்தார்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. வீபோர்க்கின் பிரான்சிஸ்கன் துறவிகள் மனம் மாறி மடத்தை விட்டுப் போகவில்லை. அவர்கள் மடத்தில் படைவீரர்களைக் கொண்டுவந்து தங்கவைத்து, அவர்களுக்குச் சோறு போடவும் வைத்து, நெருக்கி நெருக்கித்தான் வெளியேற்றினார்கள். துறவிகளின் பக்கத்திலிருந்தே இந்த வெளியேற்றத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஒவ்வொரு மடமாக எப்படிப் பறிபோனது என்று கசப்போடு பதிந்திருக்கிறார்கள். கட்சி சார்ந்த எழுத்துதான், ஆனாலும் பொய் என்று தள்ள முடியாது. 1529-இல் வீபோர்க்கின் பழைய பங்குக் கோவில்கள் பன்னிரண்டை இடிக்க அரசர் அனுமதி கொடுத்தார். துறவிகளின் பெரிய கோவில்களே இனி பங்குக் கோவில்கள் என்றானது. நாம் ‘சீர்திருத்தம்’ என்று கொண்டாடும் சொல்லுக்குள் இந்த இடிபாடுகளும் இருக்கின்றன. உங்கள் கூட்டத்தில் கத்தோலிக்க நண்பர்கள் இருந்தால் இந்தப் பகுதியை விழுங்கிவிடாதீர்கள்.

1529-இல் அரசர் அவரைக் கோபன்ஹேகனின் புனித நிக்கோலாஸ் கோவிலுக்கு மாற்றினார். மறு ஆண்டு கோடையில் பிரபுக்கள் சபையின் முன் சீர்திருத்தக் குருமார் 43 பகுதிகள் கொண்ட ஒரு விசுவாச அறிக்கையை வைத்தார்கள். ஜெர்மனியில் லுத்தரன்களின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை வாசிக்கப்பட்ட அதே 1530-இன் கோடை. கத்தோலிக்கத் தரப்பில் பவுல் ஹெல்கசன் என்ற கார்மேல் சபைத் துறவி இருந்தார். திருச்சபைக்குள் இருந்தபடியே ஊழலைத் திருத்த வேண்டும் என்று விரும்பியவர், கூர்மையான பேனாக்காரர். விவாதம் நடந்திருந்தால் டென்மார்க்கின் பெரிய அறிவுச் சண்டையாக இருந்திருக்கும். நடக்கவில்லை. பிஷப்புகள் லத்தீனில் பேச வேண்டும் என்றார்கள். டவ்சன் தரப்பு, ஜனங்களுக்குப் புரிய டேனிஷில்தான் பேசுவோம் என்றது. நடுவர் யார் என்பதிலும் இழுபறி. எந்த மொழியில் வாதிடுவது என்ற வாதத்திலேயே வாதம் முடிந்தது. குருமார் தொடர்ந்து பிரசங்கிக்கலாம் என்ற நிலையோடு அரசர் விட்டுவிட்டார். அந்த 43 பகுதிகளை நான் படித்தவரையில் ஆக்ஸ்பர்க் அறிக்கையைவிட அவற்றில் காரம் அதிகம், நயம் குறைவு. பின்னாளில் டென்மார்க் ஆக்ஸ்பர்க் அறிக்கையையே ஏற்றுக்கொண்டது, உள்ளூர்ச் சரக்கு மறக்கப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, நகரத் தலைவர் அம்புரோசியுஸ் போக்பிண்டரின் தலைமையில் ஒரு கூட்டம் கோபன்ஹேகனின் அன்னை மரியாள் கோவிலுக்குள் புகுந்து சொரூபங்களை உடைத்தது. டவ்சன் தடுக்க முயன்றார் என்று அவருடைய அபிமானிகள் எழுதுகிறார்கள், அவருடைய பிரசங்கம்தான் தூண்டியது என்று எதிரிகள் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். மேடையில் நின்று நெருப்பு மூட்டுகிறவர்கள், அடுப்புக்கு வெளியே எரியத் தொடங்கியதும் தண்ணீர்க் குடத்தோடு ஓடுவது இன்றும் நடக்கிறது.

நீங்கள் ஒரே ஒரு காட்சியைத்தான் சொல்ல முடியும் என்றால் ஜன்னலை விட்டுவிட்டு 1533-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரலில் பிரெடெரிக் இறந்துவிட்டார். அடுத்த அரசர் யார் என்று முடிவாகாத இடைவெளியில் பிஷப்புகளின் கை ஓங்கியது. ஜூலையில் டவ்சன் பிரபுக்கள் சபைக்கு முன் நிறுத்தப்பட்டார். ரோஸ்கில்டே பிஷப் யோவாகிம் ரோனோவைப் பழித்துப் பேசியது, திருவிருந்து பற்றித் தவறாகப் போதித்தது என்று குற்றச்சாட்டு. மரண தண்டனைவரை போயிருக்கக்கூடிய வழக்கு. கடைசியில் பிரசங்கிக்கக் கூடாது, எழுதக் கூடாது, சீலாந்து, ஸ்கோனே மறைமாவட்டங்களை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வெளியே சதுக்கத்தில் கோபன்ஹேகன் மக்கள் ஆயுதங்களோடு திரண்டு, தங்கள் குருவை விடச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். பிஷப் ரோனோ வெளியே வந்தால் உயிர் தப்புமா என்ற நிலை. அப்போது டவ்சன் தனக்குத் தண்டனை வாங்கித் தந்த அதே பிஷப்பின் பக்கத்தில் நடந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, அவரை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது மரபு.

இதிலும் அலங்காரம் ஏறியிருக்கலாம். கைபிடித்து நடந்தாரா, என்ன பேசினார் என்பதையெல்லாம் பிற்காலக் கதைசொல்லிகளிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் வழக்கு உண்மை, தீர்ப்பு உண்மை, கூட்டம் உண்மை. அதைவிட முக்கியமாக, கொஞ்ச நாளிலேயே ரோனோ தன் மறைமாவட்டத்தில் அவர் மறுபடியும் பிரசங்கிக்க நிபந்தனையோடு அனுமதித்தார் என்பதும் உண்மை. இடையில் ஏதோ நடக்காமல் அந்த அனுமதி வந்திருக்காது. ஜன்னல் கதைக்கு இல்லாத பின்தாங்கல் இந்தக் கதைக்கு உண்டு.

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் டவ்சனின் பங்கு குறைவு. 1534 முதல் 1536 வரை அரியணைக்காக உள்நாட்டுப் போர். பிரெடெரிக்கின் மகன் மூன்றாம் கிறிஸ்டியன் வென்றார். இளவரசராக 1521-இல் வோர்ம்ஸ் நகரில் லூத்தரை நேரில் பார்த்தவர். தன் ஆளுகையில் இருந்த ஹாடர்ஸ்லேவ் பகுதியில் 1520-களிலேயே லுத்தரன் முறையைக் கொண்டுவந்தவர். முற்றுகையில் பட்டினி கிடந்து கோபன்ஹேகன் பணிந்தது. சில நாட்களிலேயே, 1536 ஆகஸ்டில், பிஷப்புகளைக் கைதுசெய்து அவர்களுடைய சொத்துகளை அரசுடைமையாக்கினார். போர்க் கடனை அடைக்க அந்தச் சொத்து கைகொடுத்தது. ரோனோ சிறையிலேயே இறந்தார். கூட்டத்திடமிருந்து காப்பாற்ற ஆள் இருந்தது, அரசரிடமிருந்து காப்பாற்ற யாருமில்லை.

1537-இல் விட்டன்பர்க்கிலிருந்து லூத்தரின் சகாவான யோஹான்னஸ் பூகன்ஹாகன் வந்து அரசருக்கு முடிசூட்டினார், புதிய திருச்சபைச் சட்டத்துக்கு வடிவம் கொடுத்தார், செப்டம்பர் 2 அன்று ஏழு புதிய கண்காணிப்பாளர்களை அபிஷேகம் செய்தார். பிஷப் என்ற பழைய பெயரைத் தவிர்க்கத்தான் இந்தப் புதுப் பெயர். நாளடைவில் பிஷப் என்ற பெயரே திரும்ப ஒட்டிக்கொண்டது. அந்த எழுவரில் மைத்துனர் சடோலின் இருந்தார். டவ்சன் இல்லை. நாட்டின் புகழ்பெற்ற பிரசங்கியாரை விட்டுவிட்டு மற்றவர்களை எடுத்திருக்கிறார்கள். தலைமையிடமான சீலாந்து, விட்டன்பர்க்கில் ஆறு ஆண்டு படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த பீடர் பல்லாடியுஸுக்குப் போனது. ஏன்? என் ஊகத்தை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். போரில் புதிய அரசரை எதிர்த்துக் கடைசிவரை நின்றது கோபன்ஹேகன், டவ்சன் அந்த நகரத்தின் செல்லப்பிள்ளை. மேலும், மதிலை உடைக்கப் பயன்பட்ட கை மதில் கட்டவும் உதவும் என்று ஆட்சியாளர்கள் நம்புவதில்லை. அவர் பல்கலைக்கழகத்தில் எபிரெயம் கற்பித்தார், பிறகு ரோஸ்கில்டேயில் பழைய பேராலயக் குருமாருக்கு இறையியல் வகுப்பு எடுத்தார். 1542-இல்தான் தென்மேற்கே ரீபே மறைமாவட்டம் கிடைத்தது. 1561 நவம்பர் 11 அன்று இறக்கும்வரை சுமார் இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். டென்மார்க்கைச் சட்டப்படி லுத்தரன் நாடாக்கியது மூன்றாம் கிறிஸ்டியன், டவ்சன் அல்ல. இயக்கமும் ஒரே இடத்தில் பிறக்கவில்லை. ஹாடர்ஸ்லேவில் இளவரசரின் ஆணையால் மேலிருந்து வந்தது. இன்று ஸ்வீடனில் இருக்கும் மால்மோவில் நகர மக்களோடும் டேனிஷ் பாட்டுப் புத்தகத்தோடும் வந்தது. வீபோர்க்கில் டவ்சனோடு வந்தது. மூன்று ஊற்றுகளில் ஒன்று அவருடையது. ஆனால் அரசர் ஆணை போட்டபோது அதை ஏற்க நகரங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன என்றால், அதற்கு 1525 முதல் ஓயாமல் பேசிய அந்த வாய் ஒரு பெரிய காரணம். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி செய்த மாற்றத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். அங்கே சட்டம் முன்னே போனது, ஜனங்கள் பின்னே இழுக்கப்பட்டார்கள்.

‘டென்மார்க்கின் லூத்தர்’ என்ற பட்டத்தை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. லூத்தர் கருத்தை உண்டாக்கியவர், டவ்சன் அதைச் சுமந்து வந்தவர். அவருடைய சொந்தப் பங்களிப்பு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் 1535-இல் மாக்டபர்க்கில் அச்சான மோசேயின் ஐந்து ஆகமங்களைக் காட்டுவேன். எபிரெய மூலத்தைப் பார்த்து டேனிஷில் பெயர்த்தது. விட்டன்பர்க்கில் மாணவராக இருந்தபோது லூத்தரின் ஐந்து ஆகமங்கள் வெளிவந்தன என்றேன் அல்லவா, பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தக் கடனை அவர் தன் மொழிக்குச் செலுத்தினார். அதோடு 1539-இல் வந்த பிரசங்கத் தொகுப்பு. படிப்பு குறைந்த கிராமத்துக் குருமார் ஞாயிறுதோறும் எடுத்து வாசிக்கும்படி எழுதியது. பாட்டுப் புத்தகமும் தொகுத்தார். முழு டேனிஷ் வேதாகமம் 1550-இல் வந்தது, 3000 பிரதிகள். அது பலருடைய கூட்டு வேலை.

தரங்கம்பாடியோடு உள்ள தொடர்பையும் அளவோடு சொல்லுங்கள். டவ்சனுக்கும் தமிழுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அவர் இறந்து 59 ஆண்டுகள் கழித்துத்தான் டேனிஷ்காரர்கள் 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். ஆனால் திருச்சபையின் மேல் அரசருக்கு அதிகாரம் என்று 1537-இல் ஏற்பட்ட அமைப்புதான், நான்காம் பிரெடெரிக் என்ற அரசர் தன் விருப்பத்தில் மிஷனரிகளை அனுப்ப இடம் கொடுத்தது. 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் ஜெர்மானியர்கள், ஆனால் குருப்பட்டம் பெற்றது கோபன்ஹேகனில். சீகன்பால்கு இங்கே டேனிஷ் ஆளுநரால் நான்கு மாதம் சிறையில் அடைக்கப்பட்டது ஆவணப்படி உண்மை. அதற்கும் டவ்சனின் ஜன்னலுக்கும் முடிச்சுப் போட வேண்டாம், யாராவது கட்டாயம் போடுவார்கள்.

டவ்சனை வளர்த்த அண்ட்வோர்ஸ்கோவ் மடம் என்னவாயிற்று என்றும் கேட்டிருந்தீர்கள். பிச்சையெடுத்து வாழ்ந்த துறவிகளின் மடங்கள்தான் உடனே மூடப்பட்டன. நிலமுள்ள மடங்களில் இருந்தவர்கள் புதிய சட்டத்துக்கு அடங்கினால் அங்கேயே காலம் கழிக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அண்ட்வோர்ஸ்கோவும் அப்படி மெல்ல மெல்ல ஆளற்றுப்போய், கடைசியில் அரச மாளிகையானது. மூன்றாம் கிறிஸ்டியனின் மகன் இரண்டாம் பிரெடெரிக் 1588-இல் இறந்தது அங்கேதான். இன்று அது ஸ்லாகல்சேக்கு வெளியே புல்வெளியில் செங்கல் இடிபாடு. பெயர் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டேனிஷ்காரர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டும் என் நாக்கு இன்னும் பிடிக்கவில்லை. ‘டவ்சன்’ என்றே சொல்லுங்கள்.